தரைக்கு மேல் எழும்பிய ஃபிளேஞ்ச்: கழிப்பறைப் பீங்கானை ஆடாமல் நிறுத்துதல்

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியிருப்பு வீடுகளிற் பெரும்பாலானவை மரச்சட்டங்களால் எழுப்பப்படுவன. அவற்றின் மாடித் தளங்கள் மர உத்தரங்களின் மேல் பிளைவுட் பலகை பரப்பி அமைந்தவை. நம் ஊரிலே வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து, கழிப்பறைப் பீங்கானைக் கான்கிரீட் தளத்தோடு ஒன்றாகப் பிடித்துவைக்கும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய தமிழர், அங்கே சென்று ஒரு வீட்டை வாங்கிப் பழுதுபார்க்கப் புகும்போது முதன்முதலாக வியப்பது, பீங்கான் அங்கே இரண்டே போல்ட்டுகளாற் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். தரையினடியிலிருந்து மேல்நோக்கி வரும் 3 அல்லது 4 அங்குலக் கழிவுக் குழாயின் வாயிலே, ஏறக்குறைய 7 அங்குல விட்டமுள்ள தட்டையான வளையம் ஒன்றைப் பொருத்தி, அதைத் தரையோடு திருகாணிகளால் முடுக்கி, அதன் இரு பக்கத்துத் துளைகளிலும் போல்ட்டுகளை நிறுத்தி, மேலே மெழுகு வளையத்தை வைத்து, அதன்மேல் பீங்கானை இறக்கி நட்டுப் போடுகிறார்கள். அந்தத் தட்டை வளையத்துக்கு ஃபிளேஞ்ச் என்று பெயர். அது இருக்க வேண்டிய உயரத்துக்கு மேல் எழும்பி நின்றால் என்ன நேரும், ஏன் அப்படி எழும்புகிறது, எழும்பியபின் பீங்கானை உறுதியாக நிறுத்துவதற்கு என்னென்ன உபாயங்கள் உள்ளன, அவற்றில் எது எந்தச் சந்தர்ப்பத்துக்குத் தகும் என்பவற்றை இங்கே ஆராய விரும்புகிறேன்.

இந்த விஷயத்திலே பலரும் பல பரிகாரங்களைச் சொல்லுகிறார்கள். ஒருவர் தடித்த மெழுகு வளையம் வை என்கிறார். மற்றொருவர் நட்டை இன்னும் இறுக்கு என்கிறார். வேறொருவர் சுற்றிலும் சிலிக்கோன் பூசிவிட்டால் போதும் என்கிறார். இவையெல்லாம் வேரைப் பாராத வைத்தியங்கள் என்பது என் அபிப்பிராயம். பீங்கானின் பாரத்தையும் அதன்மேல் அமர்பவரின் பாரத்தையும் தாங்க வேண்டியது தரை. ஃபிளேஞ்சின் கடமை இரண்டே: பீங்கான் நகராமற் பிடித்துக்கொள்வது ஒன்று, குழாயின் வாயையும் பீங்கானின் வாயையும் இணைத்து மூடுவதற்கு இடங்கொடுப்பது மற்றொன்று. பாரம் தாங்கும் வேலை எப்போது தரையிடமிருந்து ஃபிளேஞ்சுக்கு மாறுகிறதோ அப்போதே கேடு தொடங்கிவிடுகிறது. எழும்பிய ஃபிளேஞ்சைப் பற்றிய கேள்வி முழுவதும் அந்தப் பாரத்தைத் திரும்பத் தரையின்மேல் இறக்குவது எப்படி என்ற கேள்விதான்.

ஃபிளேஞ்ச் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதிலே தொழிலாளரிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை. ஓடோ வினைலோ மரப்பலகையோ எதுவாயினும், முற்றுப்பெற்ற தரையின் மேற்பரப்பின்மீதே ஃபிளேஞ்ச் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அதன் மேல்விளிம்பு தரைக்கு மேல் கால் அங்குலம் அளவில் நிற்கும். பீங்கானின் அடிப்புறத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால், கழிவு வெளியேறும் வாயைச் சுற்றி ஒரு குழிவு இருப்பது தெரியும். ஃபிளேஞ்சும் நசுங்கிய மெழுகும் அடங்குவதற்கென்றே விடப்பட்ட இடம் அது. அதன் ஆழம் ஒவ்வொரு உற்பத்தியாளருக்கும் வேறுபட்டாலும், பெரும்பாலும் அரை அங்குலமோ அதற்குச் சற்று மேலோதான். ஆகவே 3/8 அங்குலம்வரை எழும்பிய ஃபிளேஞ்ச் சிரமமின்றி அடங்கிவிடும். அரை அங்குலம் என்பது சந்தேகத்துக்குரிய எல்லை. அதற்கும் மேற்பட்டால் பீங்கானின் அடிவிளிம்பு தரையைத் தொடாமல், நடுவில் உள்ள ஃபிளேஞ்சின்மேலேயே ஏறி நிற்கும்.

அப்படி நிற்கும் பீங்கானில் ஒருவர் அமர்வது, நடுவில் கூழாங்கல் அகப்பட்ட மணைப்பலகையில் அமர்வதற்கு ஒப்பாகும். பீங்கானும் தொட்டியுமாக ஏறக்குறைய 40 கிலோ எடை. அமர்பவர் எடை அதற்கும் மேல். இவ்வளவும் ஒரு சிறு வளையத்தின் விளிம்பில் ஊன்றி, அமரும்போது முன்னும் எழும்போது பின்னுமாகச் சாய்கின்றன. இந்த ஆட்டத்தை நட்டை இறுக்கி அடக்கலாம் என்று முயல்வோர் இரண்டு தீமைகளில் ஒன்றைத் தேடிக்கொள்கிறார்கள். ஒன்று, தரையைத் தொடாத பீங்கானின் பாதத்தை இரு போல்ட்டுகளும் கீழ்நோக்கி இழுக்க, வளைய அறியாத பீங்கான் துளையருகிலிருந்து வெடித்துப் போகும். மற்றொன்று, ஃபிளேஞ்சுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி இருந்து, அது குழாயை மட்டுமே பற்றி அந்தரத்தில் நிற்குமானால், போல்ட்டின் இழுப்பைத் தாங்காமல் ஃபிளேஞ்சின் துளையோரங்கள் முறிந்துவிடும்.

பீங்கான் பிளந்தாலும் ஃபிளேஞ்ச் முறிந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் நேரும் நாசமே பெரிது. மெழுகு வளையத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு: அழுத்தினால் அழுந்தும், அழுத்தத்தை எடுத்தால் மீண்டு எழாது. ஆகவே பீங்கான் ஒரு முறை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கத்து மெழுகு நசுங்கிவிடுகிறது. மறுபக்கம் சாயும்போது முதற்பக்கத்தில் மயிரிழை அளவு இடைவெளி திறந்துவிடுகிறது. ஆடிக்கொண்டிருந்த பீங்கானைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது பிரத்தியட்சம்: பழைய மெழுகு ஒரு பக்கத்தில் காகிதம்போல் தேய்ந்தும் மறுபக்கத்தில் விரற்கனத்துக்குத் தங்கியும் இருக்கும், மெல்லிய பக்கத்துக்கு நேரே, தரைப்பலகை கறுத்து, அடுக்கடுக்காகப் பிரிந்து, திருப்புளியை ஊன்றினால் உள்ளே இறங்கும் அளவுக்கு ஊறியிருக்கும். ஒவ்வொரு முறை தண்ணீர் திறக்கும்போதும் கசிவது சில துளிகளாகவே இருக்கலாம். ஆனால் அவை பீங்கானின் அடியிலே தேங்கி, வெளியே வர வழியின்றி மரத்தையே நனைக்கின்றன. மாடியிலுள்ள கழிப்பறையானால், கீழ்த்தளத்துக் கூரையில் மஞ்சள் வட்டம் தோன்றிய பிறகுதான் செய்தி வெளிப்படும்.

இதனோடு சம்பந்தப்பட்ட இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கம்மியர் இலண்டனில் பெற்ற காப்புரிமையின் சிறப்பு, கழிகலத்தின் அடியிலுள்ள குழாயை வளைத்து, அந்த வளைவிலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி செய்ததில் இருந்தது. அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமற் காக்கிறது. இன்றைய பீங்கானிலும் வளைவு அதன் உடலுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. ஆனால் மெழுகு வளையம் இருக்கும் இடமோ அந்த நீர்த்தடைக்கு அப்பால், சாக்கடையின் பக்கத்தில். ஆதலால் மெழுகு விட்டுப்போன இடத்தில் வாயுவுக்கு வேறு தடையே கிடையாது. தண்ணீர் ஒரு துளிகூட வெளிப்படாத வீட்டிலும், அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலியவை பீங்கானின் அடிவழியே மெல்ல ஏறிக்கொண்டிருக்கக்கூடும். கழிப்பறையை எவ்வளவு கழுவினாலும் போகாத நாற்றத்துக்குக் காரணம் தேடுவோர், முதலில் பீங்கானின் இரு பக்கமும் கைவைத்து அசைத்துப் பார்ப்பது நல்லது.

இனி, ஃபிளேஞ்ச் எதனால் எழும்புகிறது என்ற ஆராய்ச்சிக்கு வருவோம். பெரும்பாலோர் நினைப்பதுபோல் குழாய் வைத்தவரின் கவனக்குறைவு மாத்திரமே காரணம் அன்று. தரை மாறுவதே மிகப் பொதுவான காரணம். பழைய வீடுகளிலே சாந்துப் படுகையின்மேல் பதித்த ஓட்டுத் தரை ஓரங்குலத்துக்கும் மேற்பட்ட கனமுள்ளது; அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு மெல்லிய வினைல் விரித்தால், அன்று தரைமட்டத்தில் இருந்த ஃபிளேஞ்ச் இன்று தனித்து மேலே நிற்கிறது. கான்கிரீட் தளமுள்ள வீடுகளில் வேறு விதம்: தளம் வார்ப்பதற்கு முன்பே குழாயையும் ஃபிளேஞ்சையும் நிறுத்த வேண்டியிருப்பதால், பின்னால் வரப்போகும் தரையின் கனத்தை ஊகித்தே வைக்கிறார்கள், அந்த ஊகம் தவறலாம், அல்லது வார்த்த தளம் நாளடைவில் சற்று அமிழ்ந்துபோகலாம். 1992-ஆம் வருஷத்து எரிசக்திச் சட்டப்படி, 1994 முதல் ஒரு முறைக்கு 1.6 காலன், அதாவது ஏறக்குறைய 6 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவழிக்கும் வீட்டுக் கழிகலங்களைத் தயாரிப்பது அமெரிக்காவில் தடுக்கப்பட்டது; அதன்பின் பழையவற்றைக் கழற்றிப் புதியவற்றை வைத்த வீடுகள் ஏராளம். பழைய பீங்கானின் ஆழமான குழிவுக்குள் அடங்கியிருந்த ஃபிளேஞ்ச், ஆழங்குறைந்த புதிய பீங்கானுக்குள் அடங்காமற் போவதும் உண்டு.

இவை யாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்த காரணம் ஒன்று உண்டு. குழாய் சிறிதும் அசையாதிருக்க, வீடே கீழே இறங்கிவிடுவது அது. வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய் நிலத்தடி அறையின் தளத்திலே ஊன்றி, மாடிவரை ஒரே தூணாக எழுந்து நிற்கிறது, இரும்பு சுருங்குவதில்லை. அதைச் சுற்றிக் கட்டப்பட்ட மரமோ உலர உலரச் சுருங்குகிறது. மரம் நீளவாட்டில் மிகச் சொற்பமே சுருங்கும், குறுக்குவாட்டில்தான் அதிகம். உலர்ந்த மரம் என்று முத்திரையிட்டு விற்கப்படும் அமெரிக்கச் சட்டமரத்தில் 19 சதவீதம்வரை ஈரம் இருக்கலாம். வீடு கட்டி, குளிர்காலச் சூடேற்றிகளின் காற்றில் சில ஆண்டுகள் கழிந்தபின் அது 9 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். ஈரம் 4 சதவீதம் குறைந்தால் மரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 1 சதவீதம் குறையும் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. அந்தக் கணக்குப்படி 9.25 அங்குல உயரமுள்ள ஓர் உத்தரம் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். மாடித் தளத்துக்கோ அதன் உத்தரம், கீழ்த்தள உத்தரம், இரண்டுக்கும் நடுவே படுக்கவைத்த சட்டங்கள் எல்லாம் சேர்ந்து சுருங்குவதால், இறக்கம் அரை அங்குலத்தையும் தாண்டக்கூடும். கட்டியபோது சரியாக இருந்த ஃபிளேஞ்ச், யாரும் தொடாமலே, பீங்கானைத் தன் தலைமேல் தூக்கிக்கொண்டு நிற்கும் விந்தை இப்படி நிகழ்கிறது. பழைய வீடுகளில் மாடிக் கழிப்பறைப் பீங்கான் ஆடுவதற்கும், குழாயைச் சுற்றியுள்ள ஓடுகள் அதை நோக்கி மேடேறியதுபோல் தோன்றுவதற்கும் இதுவே பல சமயங்களில் மூலகாரணம்.

காரணம் எதுவாயினும் பரிகாரம் அளவைப் பொறுத்தது. பழைய பீங்கானைத் தூக்கியவுடன் குழாய்வாயில் ஒரு பழந்துணியைத் திணித்து வாயுவை அடைத்துவிட்டு, மெழுகை முழுதும் சுரண்டியெடுத்து, ஃபிளேஞ்சின்மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து அதன் அடிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை நான்கு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மாத்திரம் எழும்பியிருப்பதும் உண்டு. ஆனால் அளவுகோலைவிட நம்பத்தக்க சாட்சி, மெழுகு வைக்காமலே பீங்கானைப் போல்ட்டுகளின்மேல் ஒரு முறை இறக்கிப் பார்ப்பது. ஒரு காகிதத் துண்டைப் பாதத்தின் அடியில் செருகிக்கொண்டு சுற்றிலும் நடத்தினால், அது எங்கே தடைப்படுகிறதோ அங்கே பீங்கான் தரையைத் தொடுகிறது. எங்கே தாராளமாக நுழைகிறதோ அங்கே இடைவெளி. எங்குமே தடைப்படாமல் காகிதம் சுற்றி வருமானால், பாரம் முழுவதும் ஃபிளேஞ்சின்மேல் இருக்கிறது என்று தீர்மானித்துவிடலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் மெழுகை வைப்பவர், வைத்தபின் பீங்கானைத் தூக்கவும் இயலாமல் விடவும் இயலாமல் தவிப்பார். ஒரு முறை நசுங்கிய மெழுகு மறுமுறைக்கு உதவாது.

இடைவெளி எட்டில் ஒரு பங்கு அங்குலம் அளவில், அதுவும் சில இடங்களில் மட்டும் இருக்குமாயின், பிளாஸ்டிக் ஆப்புகளைச் செருகிப் பாதத்தை நிலைநிறுத்துவது போதுமானது. மர ஆப்பு ஈரத்தில் உளுத்துப்போகும், ஆகாது. ஆப்புகளை ஒரே பக்கத்தில் திணிக்காமல், எதிரெதிராகவும் போல்ட்டுகளுக்கு அருகிலும் வைத்து, வெளியே நீளும் நுனியைக் கத்தியால் அரிந்துவிட வேண்டும். பழைய தொழிலாளர் சிலர் பீங்கானின் பாதத்துக்கு அடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையோ மெல்லிய சாந்தையோ பரப்பி அதன்மேல் பீங்கானை இறக்குவார்கள். பாதம் முழுவதும் சீராகத் தரையில் ஊன்றுவதற்கு இதைவிடச் செம்மையான வழி இல்லை. நம் நாட்டு வெள்ளைச் சிமெண்டின் நியாயமும் இதுவே. பின்னால் கழற்றும்போது சிரமம் உண்டு என்பது மெய். அதற்காக இந்த முறையை இகழ்வது சரியன்று.

கால் அங்குலம் முதல் முக்கால் அங்குலம்வரை பீங்கான் அந்தரத்தில் நிற்குமானால் ஆப்புகளை நம்பலாகாது. அங்கே இரண்டு மார்க்கங்கள்: தரையை உயர்த்துவது, அல்லது ஃபிளேஞ்சைத் தாழ்த்துவது. தரையை உயர்த்துவது என்றால், புதிய தரை போடும்போதே அடியில் சிமெண்ட் பலகை ஒன்றைக் கூடுதலாகப் பரப்பி, ஓட்டின் மேற்பரப்பை ஃபிளேஞ்சின் அடிக்குக் கொண்டுவந்துவிடுவது. கழிப்பறையை எப்படியும் புதுப்பிக்கப் போகிறவருக்கு இது சாலச் சிறந்தது. வாயிற்படியில் மட்டம் மாறுவதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். தரையை மாற்ற விரும்பாதவர், பீங்கானின் பாத வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து, அதே வடிவில் நீர் ஏறாத பி.வி.சி. பலகையில் ஒரு பீடம் அறுத்து, நடுவே ஃபிளேஞ்சுக்கு வட்டம் வெட்டி, தரையோடு ஒட்டி முடுக்கி, அதன்மேல் பீங்கானை வைக்கலாம். பீடத்தின் கனமளவுக்கு இருக்கையும் உயரும். முதியோருக்கு அது சௌகரியமே, சிறு குழந்தைகளுக்குத்தான் அசௌகரியம். சாதாரணப் பிளைவுட்டால் பீடம் செய்து பெயிண்ட் அடித்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தரை துடைக்கும் தண்ணீர் நாள்தோறும் படும் இடம் அது.

ஃபிளேஞ்சைத் தாழ்த்துவதே மூலத்தைத் தொடும் சிகிச்சை. முக்கால் அங்குலத்துக்கு மேற்பட்டால் வேறு வழியை நாடுவதில் பயனும் இல்லை. வேலையின் சிரமம் குழாயின் ஜாதியைப் பொறுத்தது. வெண்மையான பி.வி.சி.யானாலும், கனடாவிலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளிலும் மிகுதியாகக் காணப்படும் கறுப்பு ஏ.பி.எஸ்.ஸானாலும், துரப்பண எந்திரத்தில் பொருத்திக் குழாயின் உள்ளிருந்தே சுற்றி அறுக்கும் சிறு சக்கரவாள் உண்டு. அதனால் குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே அறுத்துப் பழைய ஃபிளேஞ்சை எடுத்துவிட்டு, புதிய ஒன்றைப் பசையிட்டுப் பொருத்தலாம். குழாயின் வெளிப்புறத்தைப் பற்றும் ஃபிளேஞ்சுக்குச் சுற்றிலும் இடம் வேண்டும்; உட்புறம் நுழையும் ஃபிளேஞ்சுக்கு இடம் வேண்டாம், ஆனால் அது வழியைச் சற்றுக் குறுக்கும். 4 அங்குலக் குழாயில் உட்புறத்தது கவலைக்குரியதன்று. 3 அங்குலக் குழாயிலே வெளிப்புறத்ததையே தேட வேண்டும்.

வார்ப்பிரும்பு பொறுமையைச் சோதிப்பது. அங்கே ஃபிளேஞ்சுக்கும் குழாய்க்கும் இடையே சணலைத் திணித்து ஈயத்தை உருக்கி வார்த்திருப்பார்கள். ஈயத்தில் நெருக்கமாகத் துளைகள் போட்டு, உளியால் நெம்பியெடுத்து, ஃபிளேஞ்சைக் கழற்றிய பின்பே குழாயின் தலையை அறுக்க முடியும். ஈயத் துகளைக் கையாளும்போது கையுறையும் முகமூடியும் அவசியம். நூறாண்டு கண்ட இரும்பைச் சம்மட்டியால் அடித்தால், வெடிப்பு தரைக்கடியில் எதுவரை ஓடும் என்று சொல்ல இயலாது. ஆகவே இந்த வேலையை அனுபவமுள்ள குழாய்த் தொழிலாளரிடம் விடுவதே விவேகம். குழாயை அறுத்தபின் ஈயம் வார்க்க வேண்டியதில்லை; ரப்பர் வளையத்தை அழுத்தித் திருகாணிகளால் இறுகும் ஃபிளேஞ்சுகள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன.

எந்த மார்க்கத்தைக் கைக்கொண்டாலும், ஃபிளேஞ்சின் அடியில் வெற்றிடம் விடலாகாது. தாழ்த்த இயலாமல் சிறிது எழும்பியே நிற்கும் ஃபிளேஞ்சுக்கும் தரைக்கும் இடையே அதற்கெனக் கிடைக்கும் பிளாஸ்டிக் வளையத்தை நுழைத்து, துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளைத் திருகாணியால் தளத்தோடு முடுக்க வேண்டும். கான்கிரீட் ஆனால் அதற்குரிய திருகாணி. கட்டடக் குழாய் விதிகளும், ஃபிளேஞ்ச் குழாயோடு இணைவதோடு நில்லாமல் கட்டடத்தோடும் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன.

மெழுகா ரப்பரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ரப்பர் மீளும் குணமுள்ளது, சிறிய அசைவைப் பொறுக்கும், மறுமுறையும் பயன்படும் என்பது ஒரு கட்சி. மெழுகு பல தலைமுறைகளாகச் சோதிக்கப்பட்டது, மலிவானது, வழுவழுப்பற்ற இடத்திலும் ஒட்டும் என்பது மற்றொரு கட்சி. எழும்பிய ஃபிளேஞ்சைப் பொறுத்தவரை நான் மெழுகின் பக்கம். இடம் குறுகலாக உள்ள அங்கே, கனமான ரப்பர் வளையம் முழுதும் அமுங்காமல் பீங்கானை மேலே தாங்கிப் பிடித்து, நாம் நீக்க முயன்ற குற்றத்தையே மறுபடி உண்டாக்கிவிடுகிறது. மெழுகோ எவ்வளவு மெலிய வேண்டுமோ அவ்வளவு மெலியும். ஆனால் சாதாரணக் கனமுள்ள வளையமே வேண்டும். கூடுதல் கனமுள்ள வளையம் தரைக்குக் கீழே தாழ்ந்துவிட்ட ஃபிளேஞ்சுக்காக ஏற்பட்டது. எழும்பியதன்மேல் வைத்தால் மிகுதி மெழுகு குழாய்வாய்க்குள் பிதுங்கி வழியை அடைக்கும். நடுவிலே பிளாஸ்டிக் புனல் உள்ள வளையத்தையும் இங்கே தவிர்க்கலாம்.

குளிர்காலமானால் மெழுகு வளையத்தைச் சில மணிநேரம் வீட்டுச் சூட்டில் வைத்திருந்து இளகவிட வேண்டும். பீங்கானைப் போல்ட்டுகளுக்கு நேராக இறக்கியபின், அதன்மேல் அமர்ந்து உடல் எடையாலேயே மெல்ல அழுத்தி, பாதம் தரையில் ஊன்றும்வரை இறக்குவது முறை. நட்டால் இழுத்து இறக்குவது முறையன்று. பிறகு இடது வலமாக மாறிமாறி, கையால் இறுகியபின் சிறிது சிறிதாகவே திருக வேண்டும். பீங்கான் அசையாத அந்தக் கணத்தில் நிறுத்திவிட வேண்டும்.

பாதத்தைச் சுற்றிச் சீலன்ட் பூசலாமா என்பது கடைசித் தகராறு. பூசினால் கசிவு உள்ளேயே மறைந்து தரையைக் கெடுக்கும் என்பார் கூற்றில் உண்மை இருக்கிறது. பூசாவிட்டால் குளியல் தண்ணீரும் அசுத்தமும் அடியிற் புகும் என்பதும் உண்மை. பீங்கான் தரையைத் தொடும் விளிம்பு அடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே அமெரிக்கக் குழாய் விதிகளின் கட்டளை. முன்னும் பக்கங்களும் பூசி, பின்புறத்தில் இரண்டங்குல அளவு திறந்துவிடும் வழக்கத்தைப் பல தொழிலாளர் கைக்கொள்கிறார்கள். கசிவு நேர்ந்தால் அங்கே முதலில் தலைகாட்டும். உள்ளூர் ஆய்வாளர் ஒப்புக்கொள்ளும் இடங்களில் இதுவே நியாயமான சமரசம். ஆனால் வைத்த அன்றே பூசிவிடக்கூடாது. தொட்டியில் உணவு நிறத்தைக் கலந்து பலமுறை தண்ணீர் திறந்து, பாதத்தைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார்த்து, ஒரு வாரம் புழங்கவிட்டு, நட்டு தளர்ந்திருந்தால் சற்றே முடுக்கி, கைவைத்து அசைத்துப் பார்த்து அசைவு இல்லை என்று தெரிந்தபிறகே சீலன்ட் குழலைக் கையில் எடுக்க வேண்டும்.